மெதடிஸ்ட் ஆலயங்களும் அவற்றின் கட்டடக்கலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்துக்கு வருகிற சொந்தக்காரர்கள், நண்பர்கள், நண்பர்களின் சம்பந்திகள் என்று யாரையாவது ஊர் சுற்றிக் காட்டுகிற வேலை வருடத்துக்கு நாலு தடவையாவது எனக்கு வாய்க்கும். எனக்கோ பழைய மெதடிஸ்ட் சேப்பலைக் கண்டால் வண்டியை ஓரங்கட்டுகிற பழக்கம். கூட வருகிறவர்கள் பொறுமையாகத்தான் இறங்கி வருவார்கள், ஆனால் கேட்கிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றேதான். சொல்லிச் சொல்லி அலுத்து எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

மெதடிஸ்ட்னா யாரு? ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா?

ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கர், இல்லை. சி.எஸ்.ஐ.யோடு, அதாவது தென்னிந்தியத் திருச்சபையோடு, உறவு உண்டு, அதைக் கடைசிப் பக்கம் சொல்கிறேன். 18-ம் நூற்றாண்டில் ஜான் வெஸ்லி, அவர் தம்பி சார்லஸ் வெஸ்லி என்று இரண்டு ஆங்கிலிக்கன் (இங்கிலாந்தின் அரசுத் திருச்சபை) குருவானவர்கள். ஆக்ஸ்போர்டில் இருந்த காலத்திலேயே நேரம் தவறாமல் ஜெபம், உபவாசம், ஜெயிலில் இருப்பவர்களைப் போய்ப் பார்ப்பது என்று எல்லாவற்றையும் ஒரு ஒழுங்குமுறை ('மெதட்') வைத்துச் செய்ததால், கூடப் படித்தவர்கள் நக்கலாக வைத்த பெயர்தான் மெதடிஸ்ட். பெயர் ஒட்டிக்கொண்டது.

1739 ஏப்ரலில் பிரிஸ்டல் நகரத்தில் ஜான் வெஸ்லி முதல்முறையாக வெட்டவெளியில் நின்று பிரசங்கம் செய்தார். கேட்க வந்தவர்களில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள் நிறைய. கோயில் பக்கமே போகாத ஜனங்கள். கட்டடத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் போதும்: முதலில் கூட்டம் வந்தது, சுவர் பிறகுதான் எழும்பியது.

முதல்ல கட்டின கோயில் எது? இப்பவும் இருக்கா?

இருக்கிறது. அதே பிரிஸ்டலில், கடைத்தெருவுக்கு நடுவே, 'நியூ ரூம்' என்று பெயர். 1739 மே மாதம் வேலை தொடங்கி, 1748-ல் பெரிதாக்கிக் கட்டினார்கள். உலகத்திலேயே பழைய மெதடிஸ்ட் கட்டடம் இதுதான். உள்ளே நுழைந்தால் வெள்ளைச் சுவர், மர மாடி, இரண்டு அடுக்குப் பிரசங்க மேடை, அவ்வளவுதான். முதல் பார்வைக்கு யாரோ பணக்காரரின் தானியக் கிடங்கு மாதிரி தெரியும், ஐந்து நிமிடம் உட்கார்ந்தால்தான் அதன் அழகு பிடிபடும்.

தலையைத் தூக்கிப் பாருங்கள். கூரை நடுவே எட்டுப் பக்கம் கொண்ட கண்ணாடிக் கூண்டு ஒன்று இருக்கிறது, வெளிச்சம் அதன் வழியாகத்தான் கொட்டுகிறது. கீழ்த்தளத்தில் தெருவைப் பார்த்த ஜன்னல் கிடையாது. அந்தக் காலத்தில் மெதடிஸ்ட் கூட்டம் என்றால் கல்லெறிகிற கும்பல் வருவது சாதாரணம், அதனால் அந்த ஏற்பாடு. ஆலயத்துக்கு மேலேயே பிரசங்கிமார் தங்குகிற அறைகள், அங்கிருந்து குனிந்து பார்த்தால் கீழே நடப்பது தெரிகிற ஜன்னல். வெளி முற்றத்தில் குதிரை லாயம். வெஸ்லி வாழ்நாள் முழுக்கக் குதிரையில் சுற்றியவர், அவருக்கு லாயம் இல்லாத கோயில் உதவாது.

கோயில்னு சொல்லாம 'ரூம்', 'சேப்பல்'னு ஏன் சுத்தி வளைக்கிறாங்க?

வெஸ்லி 1791-ல் சாகும்வரை ஆங்கிலிக்கன் குருவானவராகவே இருந்தார். தனிச் சபை தொடங்க அவருக்கு ஆசை இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கோயிலுக்குப் போ, திருவிருந்தை (அப்பமும் திராட்சரசமும் பகிர்கிற சடங்கு) அங்கே எடு, பிரசங்கம் கேட்க வேறு நேரத்தில் எங்களிடம் வா என்பதுதான் அவர் கணக்கு. அதனால் தன் கட்டடங்களைப் 'பிரசங்க வீடு' என்றே சொன்னார். போட்டிக் கடை திறந்தேன் என்று யாரும் சொல்லக்கூடாது என்கிற ஜாக்கிரதைதான்.

சட்டம் ஒத்துழைக்கவில்லை. கும்பலிடமிருந்து பாதுகாப்பு வேண்டுமானால் பிரிந்துபோனவர்களின் ஆராதனை இடம் என்று பதிவு செய்ய வேண்டும், நியூ ரூமையும் 1748-ல் அப்படித்தான் பதிவு செய்தார்கள். அவர் போன பிறகு 1795-ல்தான் சேப்பலிலேயே திருவிருந்து கொடுக்கலாம் என்று இவர்கள் மாநாடு வழிவிட்டது, அதுவும் டிரஸ்டிகளிலும் சபைத் தலைவர்களிலும் பெரும்பான்மை ஒத்துக்கொண்டால். தமிழில் நான் கோயில், ஆலயம், சேப்பல் என்று மாற்றி மாற்றித்தான் எழுதுவேன், கண்டுகொள்ளாதீர்கள்.

ஆல்டர், அதான் பலிபீடம், எங்கே? நடுவுல பிரசங்க மேடைதான் நிக்குது?

எல்லாரும் முதலில் தேடுவது இதைத்தான். போன பதிலோடு சேர்த்துப் பாருங்கள்: திருவிருந்து ஊர்க் கோயிலில், இங்கே நடப்பது பிரசங்கமும் பாட்டும். அப்படியானால் எந்த மூலையில் உட்கார்ந்தவருக்கும் பிரசங்கியார் முகம் தெரிய வேண்டும், குரல் கேட்க வேண்டும். மைக் இல்லாத காலம். அதனால் மேடை உயரமாக, நடுவில். மூன்று பக்கமும் மாடி, மாடியில் இருப்பவரும் மேடைக்குப் பக்கம்தான். கத்தோலிக்கக் கோயில் கண்ணுக்குக் கட்டியது என்றால் இது காதுக்குக் கட்டியது.

திருவிருந்து மேசை கொடுத்த இடங்களிலும் மேடைதான் முன்னால் நிற்கும். லண்டன் சிட்டி ரோட்டு வெஸ்லி சேப்பலில் மேசை பின்பக்க வளைவுக்குள் இருக்கிறது, மேடை அதை மறைத்துக்கொண்டு நிற்கிறது. எங்கள் அத்தைக்கு இதில் கடைசிவரை சமாதானம் இல்லை.

எட்டு மூலைக் கட்டடம் ஏன்? வாஸ்துவா?

சிரிக்காதீர்கள், இதை மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். 1757-ல் வெஸ்லி நாரிச் நகரத்துக்குப் போனபோது, வேறொரு பிரிவினர் அப்போதுதான் கட்டி முடித்திருந்த எண்கோண ஆலயத்தைப் பார்த்தார். தாமஸ் ஐவரி என்கிற கட்டடக் கலைஞர் கட்டியது. மனிதர் அசந்துவிட்டார். இவ்வளவு அலங்காரத்துக்குள் பழைய எளிய சுவிசேஷம் எடுபடுமா என்று ஒரு சந்தேகத்தையும் எழுதி வைத்தார், ஆனால் வடிவத்தை மட்டும் விடவில்லை. இடம் இருந்தால் எட்டு மூலையாகவே கட்டுங்கள், குரலுக்கு அதுதான் நல்லது என்று தன் ஆட்களுக்கு விதியே போட்டார். எண்கோணத்தில் மேடைக்கும் கடைசி ஆளுக்கும் தூரம் குறைவு, குரல் போய் ஒளிந்துகொள்ள ஆழமான மூலையும் இல்லை.

அவர் இதை வெட்டவெளியில் கற்றிருப்பார் என்பது என் ஊகம். கார்ன்வாலில் குவென்னாப் என்ற இடத்தில், சுரங்கம் தோண்டி மண் உள்வாங்கியதால் உண்டான பெரிய பள்ளம் இருக்கிறது. 1762 முதல் 1789 வரை அங்கே 18 தடவை பிரசங்கம் செய்தார். இப்போது நாம் பார்க்கிற வட்ட வட்டமான புல் படிகள் அவர் இறந்த பிறகு 1806-ல் ஒழுங்குபடுத்தியவை. நடுவே நின்று சாதாரணமாகப் பேசினால் மேல்படியில் இருப்பவர் திரும்பிப் பார்க்கிறார், நானே செய்து பார்த்தேன்.

அவ்வளவு நல்லதுன்னா ஏன் எல்லா ஊர்லயும் எட்டு மூலை இல்ல?

சபை பெருகினால் பெரிதாக்க முடியாது, அதுதான் சிக்கல். நீள்சதுரக் கட்டடத்தின் பின்சுவரை இடித்துப் பத்தடி தள்ளிக் கட்டலாம், எண்கோணத்தை எங்கே இடிப்பது? யார்க்ஷயரில் மலை மேல் இருக்கிற ஹெப்டன்ஸ்டால் ஆலயத்தைப் பாருங்கள். 1764-ல் சரியான எண்கோணமாகக் கட்டியது. அதன் கூரையை ராதரம் ஊரில் செய்து, குதிரைகள் மேல் ஏற்றிக்கொண்டு வந்தார்கள் என்று அந்த ஊரில் சொல்வார்கள். கூட்டம் பெருகியதும் 1802-ல் ஒரு பக்கத்தை உடைத்து நீட்டினார்கள், இப்போது இழுத்துவிட்ட எண்கோணமாக நிற்கிறது.  யார்ம் என்ற ஊரில் 1763-ல் கட்டிய எண்கோணமும் இன்னும் நிற்கிறது.

ஆம்பளை பொம்பளை தனித்தனியா உட்காரணுமாமே, நம்ம ஊர் மாதிரி?

ஆமாம். நம் கிராமத்துக் கோயில்களில் இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள் என்று இன்னும் உட்காருகிறார்களே, அதையேதான் வெஸ்லி பிடிவாதமாகச் சொன்னார். அவருடைய கட்டட விதிகளில் எண்கோணத்தோடு இதுவும் உண்டு: நடுவே நீளமாக ஒரு கம்பித் தடுப்பு, இரண்டு பக்கமும் நடைவழி, பெஞ்சுகளுக்குச் சாய்மானம் கூடாது. ஜன்னல் மேலிருந்து கீழே இறங்கித் திறக்க வேண்டும். நெருக்கியடித்து உட்காரும் கூட்டத்தின் வெக்கை மேல்வழியாகப் போக வேண்டுமே. இவ்வளவு நுணுக்கமாக யோசித்தவர், முதுகு வலிக்குமே என்று மட்டும் யோசிக்கவில்லை.

லண்டன்ல ஒரு நாள்தான் இருக்கு, எதைப் பார்க்கலாம்?

சிட்டி ரோட்டில் உள்ள வெஸ்லி சேப்பல், வேறு யோசனையே வேண்டாம். அதற்கு முன்னால் அவர்கள் கூடியது பீரங்கி வார்க்கும் பழைய பட்டறையில். வெடிவிபத்தில் சிதைந்து கிடந்த கட்டடத்தை வாங்கிச் சரிசெய்திருந்தார்கள். இடம் போதாமல் 1777-ல் அடிக்கல் போட்டு 1778 நவம்பர் 1-ம் தேதி இதைத் திறந்தார்கள். வரைந்தவர் லண்டன் நகரத்தின் கட்டடக் கலைஞரான இளைய ஜார்ஜ் டான்ஸ். திறந்த அன்று வெஸ்லி எழுதிய குறிப்பு எனக்குப் பிடிக்கும்: சுத்தமாக இருக்கிறது, ஆடம்பரமாக இல்லை என்கிற அர்த்தத்தில் ஒரு வரி, அடுத்ததே பழைய பட்டறையைவிட அதிகம் பேர் கொள்ளும் என்று.

மாடியைத் தாங்க மூன்றாம் ஜார்ஜ் மன்னர் கப்பல் பாய்மரத் தூண்களைக் கொடுத்தார். 1891-ல் அவற்றை எடுத்துவிட்டு சூரியகாந்தக் கல் தூண் வைத்தார்கள், எடுத்தவற்றில் சில முன்கூடத்தில் இருக்கின்றன, தொட்டுப் பாருங்கள். பின்பக்கம் வெஸ்லியின் கல்லறை, பக்கத்தில் அவர் வாழ்ந்து இறந்த வீடு. எதிரே பன்ஹில் இடுகாட்டில் அவருடைய அம்மா சுசன்னா, இன்னும் வில்லியம் பிளேக், டேனியல் டிஃபோ எல்லாரும் இருக்கிறார்கள். அப்புறம் ஆண்கள் கழிப்பறையை விட்டுவிடாதீர்கள். 1899-ல் கட்டியது, பளிங்கும் மரமுமாக அப்படியே வைத்திருக்கிறார்கள். பெரியப்பா ஒருவர் ஆலயத்தைவிட அதைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

இவ்வளவு ஏழை ஜனங்கள்னா, கட்டப் பணம் எங்கேர்ந்து வந்தது?

கடனில். நியூ ரூமுக்கே கடன்தான். 1742 பிப்ரவரியில் அதை எப்படி அடைப்பது என்று உட்கார்ந்து பேசும்போது, ஃபாய் என்கிற கேப்டன் ஒரு யோசனை சொன்னார்: ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கட்டும். எல்லாராலும் முடியாதே என்று ஒருவர் சொல்ல, மிக ஏழைகளாகப் பதினொரு பேரை என்னிடம் விடுங்கள், வாராவாரம் நானே போய்ப் பார்க்கிறேன், அவர்களால் முடியாவிட்டால் அவர்களுக்கும் சேர்த்து நான் போடுகிறேன் என்றாராம். காசு வாங்கப் போனவர்கள் வீட்டுக் கஷ்டத்தையும் கேட்டு, ஜெபமும் செய்துவிட்டு வந்தார்கள். 'வகுப்பு' என்று மெதடிஸ்ட் சபையின் முதுகெலும்பாக ஆன அந்தச் சின்னக் குழுக்கள் உருவானது கட்டடக் கடனிலிருந்துதான். கொத்தனார் கூலியிலிருந்து ஒரு சபையின் அமைப்பே பிறந்த கதை வேறெங்கும் நான் கேட்டதில்லை.

பிறகு இருக்கை வாடகை வந்தது. மூன்று மாதத்துக்கு இவ்வளவு என்று கட்டினால் இந்தப் பெஞ்சு உங்கள் குடும்பத்துக்கு, கட்ட முடியாதவர்களுக்கு இலவச பெஞ்சு தனியாக. எல்லா ஊர் வழக்கமும்தான், இவர்களும் மாட்டிக்கொண்டார்கள். இது எங்கே கொண்டுவிடும் என்று வெஸ்லிக்குத் தெரியும். ஆடம்பரமாகக் கட்டினால் பணக்காரர் தயவு தேவைப்படும், பிறகு அவர்கள்தான் நம்மை ஆள்வார்கள் என்று எழுதியிருக்கிறார்.

ஒரே கிராமத்துல மூணு மெதடிஸ்ட் சேப்பல் இருக்கே, அத்தனை கூட்டமா?

கூட்டம் இல்லை, பிரிவினை. 1797-ல் ஒரு கூட்டம் தனியே போனது. 1807-ல் மோ காப் மலையில் நாள் முழுக்க நடந்த வெட்டவெளிக் கூட்டத்தால் வந்த சண்டையில் ஹியூ போர்ன், வில்லியம் குளோவ்ஸ் இருவரையும் வெளியே அனுப்ப, அவர்கள் 'பிரிமிடிவ் மெதடிஸ்ட்' ஆனார்கள். 1815-ல் தென்மேற்கே 'பைபிள் கிறிஸ்டியன்' என்று இன்னொன்று. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு சேப்பல். வெஸ்லியன்களின் கட்டடம் கொஞ்சம் மிடுக்காக நிற்கும், பிரிமிடிவ்களுடையது சின்னதாக, சில இடங்களில் குடிசை வீட்டு அளவில் இருக்கும். செஷயரில் எங்கில்சீ புரூக் என்ற இடத்தில் 1828-ல் கட்டிய பிரிமிடிவ் சேப்பல் இப்போது அருங்காட்சியகம், போர்னின் கல்லறை எதிரிலேயே இருக்கிறது.

1907-ல் சிலரும் 1932-ல் மீதிப் பெரிய பிரிவுகளும் ஒன்று சேர்ந்தார்கள். ஆட்கள் சேர்ந்தார்கள், கட்டடங்களை எப்படிச் சேர்ப்பது?

ஆர்கனுக்காக ஒரு சபையே உடைஞ்சதுன்னு சொன்னீங்களே, நிஜமா?

நிஜம். லீட்ஸ் நகரத்தில் 1825-ல் பிரன்ஸ்விக் சேப்பல் என்று பிரமாண்டமாகக் கட்டினார்கள். டிரஸ்டிகளுக்கு ஆயிரம் பவுண்டில் ஒரு பைப் ஆர்கன் வைக்க ஆசை. சபைத் தலைவர்கள் வேண்டாம் என்றார்கள், ஜனங்களின் பாட்டு அமுங்கிவிடும் என்பது அவர்கள் பயம். விதிப்படி தலைவர்கள் சம்மதம் வேண்டும், ஆனால் மேலே இருந்த மாநாடு டிரஸ்டிகள் பக்கம் சாய்ந்தது. விளைவு, ஏறக்குறைய ஆயிரம் பேர் வெளியேறி 1828-ல் தனிச் சபை வைத்துக்கொண்டார்கள். வெளியே இருந்து பார்த்தால் வாத்தியச் சண்டை. உள்ளே அது, கட்டடம் யாருடையது, காசு போட்டவருடையதா பாடுகிறவருடையதா என்கிற சண்டை. வெஸ்லி பயந்தது அப்படியே நடந்தது.

கூர்வளைவு, ஊசிக் கோபுரம் எல்லாம் இருக்கே, இதுவும் மெதடிஸ்ட்டா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

1840, 50-களில் இங்கிலாந்து முழுக்க கோதிக் பாணிக்கு மவுசு வந்தது. அதுவரை மெதடிஸ்ட் முகப்பு என்றால் கிரேக்கக் கோயில் மாதிரி முக்கோண நெற்றியும் தூண்களும். இள வயதில் கட்டடக்கலை படித்த எஃப். ஜே. ஜாப்சன் என்ற போதகர், கோதிக்தான் கிறிஸ்தவர்களின் பாணி, கிரேக்கம் விக்கிரக ஆராதனைக்காரர்களுடையது என்று 1850-ல் எழுதி வாதாடினார். பலர் கேட்டார்கள். எனக்கு அதில் பாதி சம்மதம்தான். நீளமான கோதிக் மண்டபத்தில் கடைசிப் பெஞ்சுக்கு ஒன்றும் கேட்காது, எட்டு மூலைக்காரர் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

அடையாளம் கேட்டால், முதலில் முகப்பில் கல்லைத் தேடுங்கள்: 'எபெனேசர்', 'பெத்தேல்', 'சீயோன்' என்று ஒரு பெயர், கூடவே வருடம். பேப்டிஸ்ட் முதலானவர்களும் இதே பெயர்களை வைப்பார்கள், அதனால் பிரிவின் பெயரும் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். ஆங்கிலிக்கன் கோயில் பெரும்பாலும் கிழக்கு பார்த்து, சுற்றிலும் கல்லறைகளோடு நிற்கும். சேப்பல் கிடைத்த மனையில், தெருவைப் பார்த்து நிற்கும், ஒட்டினாற்போல ஞாயிறு பள்ளிக் கட்டடம் இருக்கும். உள்ளே மூன்று பக்கம் மாடி இருந்தால் அநேகமாகச் சந்தேகமே வேண்டாம்.

வெஸ்ட்மின்ஸ்டர்ல இருக்கிற சென்ட்ரல் ஹால் தியேட்டர் மாதிரில்ல இருக்கு?

அப்படித் தெரிய வேண்டும் என்றுதான் கட்டினார்கள். கோயில் வாசலைக் கண்டாலே ஒதுங்கிப்போகிற தொழிலாளிகள் தயங்காமல் உள்ளே வரட்டும் என்று 1886-ல் மான்செஸ்டரில் முதல் சென்ட்ரல் ஹால் தொடங்கியது, பிறகு பெரிய நகரங்கள் எல்லாவற்றிலும். வெஸ்ட்மின்ஸ்டரில் லான்செஸ்டரும் ரிக்கர்ட்ஸும் வரைந்து 1912-ல் திறந்தார்கள், பெரிய குவிமாடத்தோடு. அதற்கு முன் அந்த மனையில் இருந்தது 'ராயல் அக்வேரியம்' என்ற கேளிக்கைக் கூடம்.

பணம் வந்த விதம்தான் சுவாரசியம். பத்து லட்சம் பேரிடம் ஆளுக்கு ஒரு கினி (ஒரு பவுண்டுக்குச் சற்று மேலான பழைய ஆங்கிலக் கணக்கு), அதற்கு மேல் ஒருவர் பெயரில் வாங்குவதில்லை. கொடுத்தவர் பெயர்களை 50 தொகுதிகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். பென்னிக் கணக்கு எங்கே போய் நின்றது பாருங்கள். ஐ.நா. பொதுச்சபையின் முதல் கூட்டம் 1946 ஜனவரி 10-ம் தேதி இந்த ஹாலில்தான் நடந்தது.

மாடியைப் பத்தி நல்லதாவே சொல்றீங்க, அமெரிக்காவுல கறுப்பர்களை மாடிக்கு விரட்டினாங்களே?

விரட்டினார்கள். பிலடெல்பியாவில் செயின்ட் ஜார்ஜ் ஆலயம், 1769-லிருந்து மெதடிஸ்ட்கள் கையில் இருப்பது. அங்கே ஜெபத்தில் முழங்காலில் இருந்த அப்சலோம் ஜோன்ஸைப் பிடித்து எழுப்பினார்கள், இந்த இடம் உனக்கில்லை என்று. ஜெபம் முடியட்டும் என்று அவர் கேட்டும் விடவில்லை. முடிந்ததும் அவரும் ரிச்சர்ட் ஆலனும் மற்றவர்களும் ஒட்டுமொத்தமாக எழுந்து வெளியே போனார்கள். ஆலன் நினைவிலிருந்து சொன்னது 1787. ஆனால் அந்த மாடியே 1792-ல்தான் கட்டி முடிந்தது என்று சரித்திரக்காரர்கள் வருடத்தை மாற்றச் சொல்கிறார்கள். ஒரு சம்பவத்தின் தேதியைத் தச்சு வேலை முடிந்த கணக்கு தீர்மானிக்கிறது!

ஆலன் பழைய கொல்லன் பட்டறை ஒன்றை வாங்கி, குதிரைகள் பூட்டி இழுத்து வந்து தன் சொந்த மனையில் வைத்து, 1794-ல் அதையே ஆலயமாக்கினார். அப்படி உண்டான மதர் பெத்தேல் சபை இன்றும் அதே மனையில் இருக்கிறது.

நம்ம பக்கம் இதுக்கு என்ன தொடர்பு? மேதக் கதீட்ரல் இவங்க கட்டினதா?

1813 டிசம்பர் கடைசியில் தாமஸ் கோக் என்பவர் தலைமையில் ஒரு மெதடிஸ்ட் குழு இங்கிலாந்திலிருந்து கப்பலில் கிளம்பியது, அவர் கடலிலேயே இறந்துபோனார். மீதிப் பேரில் ஐவர் 1814 ஜூன் கடைசியில் இலங்கையில் இறங்கினார்கள், யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, காலி என்று பிரிந்து போனார்கள். கொழும்பு பேட்டையில் 1816-ல் திறந்ததுதான் ஆசியாவின் முதல் மெதடிஸ்ட் ஆலயம் என்பார்கள். யாழ்ப்பாணத்திலிருந்த ஜேம்ஸ் லிஞ்ச் 1817-ல் சென்னைக்கு வந்தார், ராயப்பேட்டை வெஸ்லி பள்ளியும் ஆலயமும் அந்த வழியில் வந்தவை. 1947-ல் தென்னிந்தியாவின் வெஸ்லியன் சபைகள் ஆங்கிலிக்கன் முதலானவர்களோடு சேர்ந்து சி.எஸ்.ஐ. ஆயின. அமெரிக்க மெதடிஸ்ட்கள் சேரவில்லை, அதனால்தான் சென்னையில் இன்னும் இரண்டு வகையும் உண்டு.

தெலங்கானாவில் இருக்கிற மேதக், ஆமாம், வெஸ்லியன்கள் கட்டியதே. சார்லஸ் வாக்கர் பாஸ்நெட் பஞ்ச காலத்தில் ஜனங்களுக்கு வேலையும் சோறும் கொடுத்துக் கட்டி, 1924 கிறிஸ்துமஸ் அன்று பிரதிஷ்டை செய்தார். கோபுரம் 175 அடி. ஆனால் பிரிட்டிஷ் மெதடிஸ்ட்களுக்குப் பேராயர் கிடையாது, பேராயர் இல்லாமல் கதீட்ரல் ஏது? 1947-ல் சி.எஸ்.ஐ. வந்து, பேராயர் வந்த பிறகுதான் அது கதீட்ரல் ஆனது.

சேப்பலை எல்லாம் வீடாவும் கார்ப்பெட் கடையாவும் மாத்திட்டாங்களே, உங்களுக்கு வருத்தமா இல்லையா?

கொஞ்சம். ஆனால் ஒரே ஊரில் மூன்று என்று சொன்னேனே, அத்தனையையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? நியூ ரூமே 1808-ல் வேறு சபைக்கு விற்றுப்போய், 1929-ல்தான் திரும்பக் கைக்கு வந்தது. இடிப்பதைவிட யாராவது குடியிருப்பது மேல்.

ஒருமுறை யார்க்ஷயரில் அப்படி வீடாக்கிய சேப்பல் ஒன்றை வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம், வீட்டுக்காரர் உள்ளே வாங்க என்றார். மாடியை மூடாமல் படிக்கிற இடமாக வைத்திருந்தார், அத்தை நேரே மேலே ஏறிவிட்டார். மேடை இருந்த இடத்தில் இப்போது அடுக்களை. அங்கே நின்று வீட்டுக்காரர் மெல்லிய குரலில் டீக்குச் சர்க்கரை வேண்டுமா என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் மேலேயிருந்து அத்தை, "எனக்கு மட்டும் சர்க்கரை போட வேண்டாம்னு சொல்லுடா" என்றார்.